குடிசையில் பிறந்தவரா, மாளிகையில் பிறந்தவரா: சீர்திருத்தத்துக்கு யாரை நம்புவது?

தேர்தல் மேடை ஏறும் தலைவர்களில் பாதிப் பேரிடம் ஒரு வறுமைக் கதை கைவசம் இருக்கும். அப்பா கூலிக்குப் போனார், அம்மா பட்டினி கிடந்து படிக்க வைத்தார், தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தேன். மீதிப் பாதியிடம் வேறு கதை இருக்கும்: எங்கள் குடும்பத்துக்குச் சொத்து சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை, அதனால் என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது. இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆட்சிக்கு வந்த பிறகு இரண்டில் எது சட்டமாகிறது என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, அல்லது நீங்களே ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது சீர்திருத்தம். நிலமோ வரியோ மருத்துவமோ கூலியோ, எதுவாக இருந்தாலும் சரி, யாரோ ஒருவரின் கையிருப்பு குறையாமல் நடக்காத வகை. எதிரே மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். ஒருவர் பரம்பரைப் பணக்காரர். ஒருவர் நடுத்தரக் குடும்பம், வக்கீல் வீட்டுப் பிள்ளை அல்லது கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கட்சி ஒன்று, திறமை ஒன்று, பேச்சும் ஒன்று. யாரை எடுப்பீர்கள்?

நான் ரொம்ப நாள் யோசிக்காமல் முதல் ஆளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பசித்தவனுக்குத்தானே பசி தெரியும்? அப்புறம் 1931-ல் பிரிட்டனில் நடந்ததைப் படித்தேன். அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

கீழிருந்து வந்தவர்

ராம்சே மெக்டொனால்டு ஸ்காட்லாந்தின் ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். அப்பா பண்ணையாள், அம்மா வேலைக்காரப் பெண், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. 1866-ல் அப்படிப் பிறந்த குழந்தை பிரதமராகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 1924-ல் ஆனார். தொழிற்கட்சியின் முதல் பிரதமர். அவருடைய நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் நெசவாளி மகன். ஏழைகள் காத்திருந்த ஆட்சி என்று சொன்னால் அதுதான்.

1931 ஆகஸ்ட். உலகப் பெருமந்தம். வேலையில்லாதவர்கள் 25 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முடிச்சைக் காப்பாற்ற வேண்டுமானால் செலவைக் குறையுங்கள், வேலையில்லாதோர் உதவித்தொகையிலும் 10 சதவீதம் வெட்டுங்கள் என்று நெருக்கடி வருகிறது. அமைச்சரவை 11-க்கு 9 என்று பிளக்கிறது. பண்ணையாள் மகனும் நெசவாளி மகனும் நின்றது வெட்டும் பக்கம். மெக்டொனால்டு தன் கட்சி ஆட்சியைக் கலைத்துவிட்டு, எதிரணியோடு சேர்ந்து அமைத்த புது அரசுக்குத் தானே பிரதமரானார். கட்சி அவரை வெளியேற்றியது. செப்டம்பர் 21-ம் தேதி, ஒரு மாதம்கூட முடியவில்லை, பவுண்டு தங்கத்தை விட்டு இறங்கிவிட்டது. எதைக் காப்பாற்றுவதற்காக வெட்டினார்களோ அது போய்விட்டது, வெட்டு மட்டும் 1934 வரை நின்றது.

துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் எதுவும் விளங்காது. கீழிருந்து வந்த தலைவரிடம் ஊரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவருக்கெல்லாம் ஆளத் தெரியுமா, கஜானாவைக் காலி செய்துவிட மாட்டாரா? பணக்கார வீட்டுப் பிள்ளையிடம் இதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே, பொறுப்பானவன் என்று பெயரெடுப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிடுகிறது. நெருக்கடி நேரத்தில், யாரிடம் நற்சான்று வாங்க அலைந்தாரோ அவர்கள் பக்கமே சாய்ந்துவிடுகிறார். மெக்டொனால்டு விஷயத்தில் இது என் ஊகம்தான். ஆனால் இதே அழுத்தம் பல பத்தாண்டு கழித்துப் பிரேசிலில் திரும்ப வந்ததைப் பார்த்தால் ஊகம் வலுக்கிறது.

பின்னாளில் பிரேசில் அதிபரான லூலா 1945-ல் அந்த நாட்டின் வறண்ட வடகிழக்கில் பிறந்தார். ஏழு வயதில் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் லாரியின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து பல நாள் பயணம் செய்து தெற்கே வந்தார். ஷூ துடைத்தார், பட்டறையில் வேலை பழகினார். 1964-ல் ஒரு இரவு ஷிப்டில் இயந்திரம் இடது கைச் சுண்டுவிரலைக் கொண்டுபோனது. இன்றைக்கும் அவர் கை உயர்த்தும் ஒவ்வொரு படத்திலும் அந்த இடைவெளி தெரியும். 1989, 1994, 1998 என்று மூன்று தேர்தலில் தோற்றார். 2002-ல் ஜெயிப்பதற்கு முன் என்ன செய்தார் தெரியுமா? நாட்டு மக்களுக்கு என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தங்களை மதிப்போம், கடனைக் கட்டுவோம் என்பது அதன் சாரம். மக்களுக்கு என்று எழுதினாலும் படிக்க வேண்டியவர்கள் வங்கிக்காரர்கள். துணை அதிபர் வேட்பாளராக ஒரு ஜவுளி ஆலை அதிபரைச் சேர்த்துக்கொண்டார். பதவியேற்ற கையோடு, வட்டிச் செலவு போக பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டிய இலக்கை, நாட்டு உற்பத்தியில் 3.75 சதவீதத்திலிருந்து 4.25-ஆக அவரே உயர்த்தினார். முந்தைய அரசைவிட இறுக்கம்.

ஆனால் அதே 2003 அக்டோபரில் குடும்ப உதவித்தொகைத் திட்டத்தையும் தொடங்கினார். பணம் பெரும்பாலும் அம்மாக்களின் கைக்குப் போகும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2006-க்குள் சுமார் 1 கோடியே 10 லட்சம் குடும்பங்களை எட்டியது. செலவு நாட்டு உற்பத்தியில் அரை சதவீதத்தை ஒட்டித்தான். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு பேர் வீட்டு அடுப்பைத் தொட முடியும் என்று அந்த லாரியில் வந்தவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஏழை எதை முதலில் வாங்குவான் என்று அவருக்கு அறிக்கை படித்துத் தெரிய வேண்டியதில்லை.

அவர் தொடாமல் விட்டது எது? சோப்பு வாங்கும் ஏழையிடமும் வாங்குகிற, பணக்காரனிடம் லேசாகப் போகிற வரி அமைப்பு. முதல் எட்டு வருடத்தில் அது அப்படியே இருந்தது. சரக்கு வரிகளை ஒழுங்குபடுத்தும் அரசியல் சட்டத் திருத்தமே அவருடைய மூன்றாவது ஆட்சியில், 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது. கொடுப்பதில் கை நீளம், எடுப்பதில் கை குட்டை.

காமராசரை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். பள்ளியைப் பாதியில் விட்டவர் ஊர்தோறும் பள்ளி திறந்ததும் மதிய உணவு போட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் காலத்தில்தான், 1961-ல், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச ஒன்றும் பெரிதாக இல்லை என்பதும் காரணம். விலக்குகள் ஏராளம். சோறு போட்ட கைக்கு நிலத்தை எடுக்கும் வேலை அவ்வளவு சுலபமாக வரவில்லை. எடுக்க வேண்டிய இடத்தில் நின்றவர்களின் தயவில்தான் அன்றைக்குக் கட்சியே நடந்தது.

இந்த வகையில் எனக்குப் பிடித்த விதிவிலக்கு அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன். டெக்சாஸில் நொடித்துப்போன குடும்பம். இருபது வயதில், 1928-ல், கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள். தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்றே புரியாமல் இருந்த பிள்ளைகள். 1965 மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டம் கேட்டு நின்றபோது இந்த வகுப்பறையைத்தான் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு உதவும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை, கிடைத்துவிட்டது, பயன்படுத்தப் போகிறேன் என்ற பொருளில். அந்த வருடமே வாக்குரிமைச் சட்டம் வந்தது, முதியோருக்கும் ஏழைகளுக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது.

கண் கலங்க வைக்கும் பேச்சுதான். ஆனால் 1937-ல் நாடாளுமன்றத்துக்குப் போனவர், அடுத்த இருபது வருடம் கறுப்பின மக்களின் உரிமை மசோதாக்களை எதிர்த்தே ஓட்டுப் போட்டு வந்தார். கொட்டுல்லா அப்போதும் அவர் மனதில் இருந்ததுதான். டெக்சாஸின் வெள்ளை வாக்காளர்கள் தயவில் அவர் பதவி இருந்தது. 1964-ல் நாடு முழுக்க அமோகமாக ஜெயித்தார், இரு அவைகளிலும் பெரும் பலம் வந்தது. அப்புறம்தான் அந்த வகுப்பறை வாய் திறந்தது. மெக்டொனால்டு நடத்தியதோ சிறுபான்மை அரசு. கீழிருந்து வந்தவரின் நினைவு பொய்யில்லை. அது எப்போது வேலை செய்யும் என்பதை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. தொழிலாளி வேறு, தொழிலாளி மகன் வேறு. அமெரிக்க நாடாளுமன்றத்தை ஆராய்ந்த நிக்கோலஸ் கார்ன்ஸ் என்ற அரசியல் அறிஞர், பதவிக்கு முன் தாங்களே உடலுழைப்பு வேலை பார்த்தவர்கள் பொருளாதார விஷயங்களில் மற்றவர்களைவிடத் தொழிலாளர் பக்கம் சாய்ந்து ஓட்டளிப்பதைக் காட்டினார். அப்படிப்பட்டவர்கள் அந்த நாடாளுமன்றத்தில் 2 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். அப்பாவின் தொழிலைச் சொல்லி ஓட்டுக் கேட்பவரிடம், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

மேலிருந்து வந்தவர்

அதே பெருமந்தம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பரம்பரை பரம்பரையாகப் பணத்தில் புரண்ட வீட்டுப் பிள்ளை பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-ல் அதிபரானார். வந்த சில வாரத்திலேயே டாலரின் தங்க முடிச்சைத் தளர்த்தினார். 1935-ல் ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு, தொழிற்சங்க உரிமை. 1938-ல் குறைந்தபட்சக் கூலி. தன் வர்க்கத்துக்கே துரோகம் செய்தவன் என்று அவருடைய சொந்த வட்டாரம் திட்டியது. 1936 தேர்தலுக்கு முன் நடந்த கூட்டத்தில், பணமுதலைகள் என்னை ஒருமனதாக வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பை வரவேற்கிறேன் என்றார். மெக்டொனால்டால் இப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்க முடியுமா? ரூஸ்வெல்ட்டுக்கு யாரிடமும் நற்சான்று வேண்டியிருக்கவில்லை. அந்த வீடுகளின் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவருக்கு, எதிரே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் மிரட்டுவார்கள், எங்கே நிறுத்திக்கொள்வார்கள் என்பது அத்துப்படி.

இருந்தாலும் 1935 ஓய்வூதியச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே விட்டது. நாட்டின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். விட்டதற்கு என்ன காரணம் என்று வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். விளைவில் சண்டை இல்லை.

மேலிருந்து வரும் சீர்திருத்தத்தில் பயமும் ஒரு விதை. ஜெர்மனியின் தலைமை அமைச்சர், பிரஷ்யப் பண்ணையார் வீட்டுப் பிஸ்மார்க் 1883-ல் நோய்க் காப்பீடும், 1884-ல் விபத்துக் காப்பீடும், 1889-ல் முதியோர் ஓய்வூதியமும் கொண்டுவந்தார். அதற்கு முன்பே 1878-ல் சோஷலிஸ்டுகளைத் தடை செய்திருந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் மருந்துச் சீட்டு. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், அடிமைமுறை கீழிருந்து ஒழியக் காத்திருப்பதைவிட மேலிருந்து ஒழிப்பது மேல் என்று பிரபுக்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். 1861-ல் ஒழித்தார். விடுதலை ஆன குடியானவர்கள் நிலத்துக்கு 49 வருடத் தவணை கட்ட வேண்டும் என்றும் விதித்தார். பயத்தில் வந்த சீர்திருத்தம் அந்தப் பயம் தணியும் அளவுக்குத்தான் போகும்.

மேல்தட்டுத் தலைவரை எடைபோட எனக்கு மிகவும் உதவிய இரண்டு கதைகள் ஆசியாவில் நடந்தவை. இரண்டும் நிலம் பற்றியவை.

முதலாவது பிலிப்பைன்ஸ். 1986-ல் சர்வாதிகாரியை விரட்டிய மக்கள் எழுச்சியில் அதிபரானவர் கொரசோன் அக்கினோ. நாட்டின் பெரிய நிலவுடைமைக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். குடும்பத்துக்கு 6,000 ஹெக்டேருக்கும் மேல் ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது, பெயர் லுயிசிட்டா. 1987 ஜனவரியில் நிலம் கேட்டு ஊர்வலம் போன விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். 1988-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, தோட்டத்தைக் கம்பெனியாக்கித் தொழிலாளிகளுக்குப் பங்குப் பத்திரம் கொடுக்கலாம். அடுத்த வருடமே லுயிசிட்டா அந்த வழியில் போனது. பத்திரமும் மொத்தமாகக் கைக்கு வராது. முப்பது வருடத்தில், வேலை பார்த்த நாள் கணக்குப்படி, கொஞ்சம் கொஞ்சமாக வரும். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதோ நிர்வாகத்தின் கையில். ஆக, நிலம் போகாமலேயே நிலச் சீர்திருத்தம் முடிந்தது. அந்த நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல். அப்போது அதிபர் அவருடைய மகன்.

அக்கினோ கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. சர்வாதிகாரத்தை முடித்து வைத்தார், புது அரசியல் சட்டம் கொடுத்தார், பதவிக்காலம் முடிந்ததும் இறங்கிப் போனார். தன் வீட்டுச் சொத்தைத் தொடாத எல்லாச் சீர்திருத்தத்திலும் அவர் உறுதியாகத்தான் நின்றார்.

இரண்டாவது தைவான், இதுதான் முழுக்கதையையும் திறக்கும் சாவி என்று எனக்குப் படுகிறது. சீனத் தேசியவாதக் கட்சி 1930-லேயே ஒரு நிலச் சட்டம் போட்டது. குத்தகை, விளைச்சலில் 37.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீனப் பெருநிலத்தில் அது ஏட்டோடு நின்றது. அமல்படுத்த வேண்டிய அதிகாரிகளும் ராணுவத்தாரும் நிலக்கிழார் குடும்பங்களோடு பின்னிக் கிடந்தார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற அந்தக் கட்சி 1949-ல் தைவானுக்கு ஒதுங்கியது. அந்த வருடமே அங்கே குத்தகை உச்சவரம்பு அமலானது. அளவு? அதே 37.5 சதவீதம். 1953-ல் உழுபவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்தது. நிலக்கிழார்களுக்கு ஈடாக 70 சதவீதம் நிலப் பத்திரமும் 30 சதவீதம் அரசு ஆலைகளின் பங்கும் கொடுத்தார்கள். அதே கட்சி, பெரும்பாலும் அதே ஆட்கள், அதே எண். மாறியது ஒன்றே ஒன்று. தைவானில் அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை, சம்பந்திக்கும் இல்லை, மச்சானுக்கும் இல்லை. கம்யூனிஸ்டுகளிடம் ஒரு முறை தோற்ற பயமும், அமெரிக்க உதவியும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் பயம் பெருநிலத்திலும் இருந்ததே.

நடுவிலிருந்து வந்தவர்

இவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இவர் எந்தப் பக்கம் போவார் என்பதைப் பிறப்பை வைத்துச் சொல்லவே முடியாது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் மளிகைக்கடைக்காரர் மகள். சீர்திருத்தவாதிதான், சந்தேகமே வேண்டாம். 1980-ல் நகராட்சி வீடுகளில் குடியிருந்தவர்களே அவற்றை வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கினார். 10 லட்சத்துக்கும் மேல் வீடுகள் விற்றன. தொழிற்சங்கங்களின் முதுகெலும்பையும் முறித்தார். நான் உழைத்து ஏறினேன், நீயும் ஏறு என்பது கடைக்காரர் வீட்டு நியாயம். அது சிலருக்கு வீட்டுச் சாவியையும் சிலருக்கு வேலை நீக்கக் கடிதத்தையும் கொண்டுவந்தது.

1945-ல் பிரிட்டன் பிரதமரான கிளெமென்ட் அட்லி வசதியான வக்கீல் மகன். 1905 வாக்கில் லண்டன் கிழக்குப் பகுதியில், ஏழைப் பையன்களுக்கான சங்கம் ஒன்றில் உதவப் போனவர், அங்கேயே தங்கிப் பல வருடம் இருந்துவிட்டார். ஒரு நாள் செருப்பில்லாத சிறுமி ஒருத்தி கூட நடந்தபடி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாளாம். வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்றார். நானும் வீட்டுக்குத்தான் போகிறேன், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க என்றாள். அவரை மாற்றியது பிறந்த வீடில்லை, வந்து தங்கிய தெரு.

அப்போ யாருக்கு ஓட்டு?

எந்தச் சீர்திருத்தம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குறை கண்ணில் பட வேண்டும், அதைப் போக்கக் காசு ஒதுக்க வேண்டும் என்றால் முதல் ஆளுக்கு நிகர் யாரும் இல்லை. சாப்பாடு, பள்ளி, மருத்துவம், உதவித்தொகை எல்லாம் இந்த வகை. மேலே உள்ளவர்கள் மிரட்டும்போது மிரளாமல் நிற்க வேண்டிய வேலை, உதாரணமாக வங்கிகளை வழிக்குக் கொண்டுவருவது, பெருமுதலாளிகளோடு மோதுவது என்றால் இரண்டாம் ஆளைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அவர் சொத்து எந்தத் துறையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான். கப்பல் கம்பெனிக்காரர் நிலச் சட்டம் கொண்டுவரட்டும், கரும்புத் தோட்டக்காரர் வேறு ஏதாவது கொண்டுவரட்டும். மூன்றாம் ஆளிடம் குடும்பக் கதை கேட்க வேண்டாம். இருபதிலிருந்து முப்பது வயது வரை எங்கே இருந்தார், யாரோடு சாப்பிட்டார் என்று விசாரித்தால் போதும்.

கட்சிக்குள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, 1945-ல் அட்லி செய்தது. வக்கீல் மகன் பிரதமர். வெளியுறவுக்குச் சிறு வயதிலேயே அநாதையாகிப் பண்ணை வேலைக்குப் போன எர்னஸ்ட் பெவின். கஜானாவுக்கு, அரசருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பாதிரியாரின் மகன் ஹியூ டால்டன். மருத்துவத்துக்கு, 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன். பெவனின் ஊரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் சில்லறை பிடித்துத் தங்களுக்கென்று ஒரு மருத்துவச் சங்கம் நடத்தி வந்தார்கள். நாடு முழுவதையும் அப்படி ஆக்கினால் என்ன என்பது அங்கே பிறந்தவருக்குத்தான் தோன்றும். பெரிய டாக்டர்கள் முரண்டு பிடித்தபோது அரசு மருத்துவமனையிலேயே தனியார் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்து இழுத்து வந்தார். 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை திறந்தது. அவருக்குப் பின்னால் நாடாளுமன்றத்தில் 140-க்கும் மேற்பட்ட பெரும்பான்மை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படிக் கூட்டணி கட்ட வசதியில்லை, மூவரில் ஒருவர்தான், எந்தச் சீர்திருத்தம் முதலில் வரும் என்றும் தெரியாது என்றால் இப்போதும் முதல் ஆளுக்குத்தான் போடுவேன். கூடவே நாடாளுமன்றத்துக்கும் அவர் கட்சிக்கே போடுவேன், பக்கத்து வீட்டுக்காரரையும் போடச் சொல்வேன். இருபது முப்பது இடம் குறைவாகக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தால், அடுத்த ஆகஸ்டில் யார் வாசலில் போய் நிற்பார் என்று 1931 காட்டிவிட்டது.